கம்பு நடாத கட்டடம்

அந்தத் தெருவில் வானத்தைப் பார்த்துப் பிழைத்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் தரையைப் பார்த்து நடந்தார்கள், இல்லாவிட்டால் கையிலிருந்த போனைப் பார்த்து நடந்து மின்கம்பத்தில் முட்டிக்கொண்டார்கள். சலவைக்கடைக்காரி மட்டும் காலையில் எழுந்ததும் மொட்டைமாடிக் கதவைத் திறந்து, மேகம் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்காரரிடம் முதல் வார்த்தை பேசுவாள். அந்த முதல் வார்த்தையும் வெயிலைப் பற்றித்தான் இருக்கும். துணி எப்போது கிடைக்கும் என்று கேட்டால் கிழமை சொல்ல மாட்டாள். "வெயில் குடுத்தா நாளைக்கு" என்பாள். தெரு சும்மா இருக்குமா? வெயிலக்கா என்று பெயர் வைத்துவிட்டது. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வீடு வாங்கப் போகிறவர்கள் சமையலறையைப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். அவள் நேரே மாடிக்கு ஏறி அங்கேயே அரை நாள் உட்கார்ந்திருந்தாளாம். நிழல் எங்கே விழுகிறது, எப்போது நகர்கிறது என்று பார்த்துவிட்டு இறங்கி வந்து, "இதுதான் வீடு" என்றாளாம். கீழே கூரை ஒழுகியதை அவள் கவனிக்கவே இல்லை. அதற்கு வீட்டுக்காரர் இன்றைக்கும் அவளைக் கிண்டல் செய்வார்.

கீழே கடை. துவைக்கும் மெஷின்கள், கல்லாவில் வீட்டுக்காரர், பக்கத்தில் பழைய பேப்பர் அடுக்கு. தேய்த்த துணியை அந்தப் பேப்பரில் சுற்றி நூல் கட்டிக் கொடுப்பார்கள். மேலே மாடி முழுக்கக் கம்பிக்கொடி. மருத்துவமனை விரிப்புகள், சாப்பாட்டுக்கடை மேசைத்துணிகள், தெருக்காரர்களின் சட்டைகள் எல்லாம் அங்கேதான் காயும். உலர்த்துவதற்கும் மெஷின் வந்துவிட்டதே, வாங்கிப் போடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். மெஷினில் காய்ந்த துணியும் மனசில்லாமல் சிரிக்கிற சொந்தக்காரனும் ஒன்று, தொட்டாலே தெரிந்துவிடும் என்பாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. யார் எதைக் கட்டுவதாக இருந்தாலும், அது மாடி அறையோ மதில்சுவரோ, முதலில் கம்பு நட வேண்டும். கட்டப்போகும் இடத்தின் நாலு மூலையிலும் கட்டப்போகும் உயரத்துக்குக் கம்பு. உச்சியில் சுற்றிலும் கயிறு, கயிற்றில் கிழிந்த துணித் துண்டுகள். சில நாள் அது அப்படியே நிற்கும். போகிறவர் வருகிறவர் அண்ணாந்து பார்த்து, ஓகோ, இதுவரைக்கும் வரப்போகிறதா என்று தெரிந்துகொள்வார்கள். பிறகு நகராட்சி அலுவலகத்தின் பின்கூடத்தில் ஊரமைப்புக் குழு உட்காரும். ஊரில் யார் வேண்டுமானாலும் போய்ச் சொல்லலாம். சட்டத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஊரில் அதைக் கம்புக் கூட்டம் என்றார்கள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். கம்புக் கூட்டத்தில் பேசியதில் பாதி வெட்டிப் பேச்சு. பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது என்று அழ வந்தவரும் உண்டு, சும்மா மின்விசிறிக் காற்றுக்கு வந்தவரும் உண்டு. ஆனால் மீதிப் பாதி முக்கியமானது. காகிதத்தில் எழுதிய உயரம் யாருக்கும் புரியாது. தலைக்கு மேல் கயிறு கட்டினால் குழந்தைக்கும் புரியும்.

வெயிலக்காவும் ஒருமுறை கம்பு நட்டவள்தான். மாடியிலேயே தேய்த்துவிட ஒரு தகரக் கொட்டகை போட நினைத்தாள். படிக்கட்டு மாடியின் பின்கோடியில் ஏறுகிறது. கொட்டகையும் அங்கேயே இருந்தால் தேய்த்த துணியை அப்படியே கீழே இறக்கிவிடலாம். அவளுடைய தம்பி சாரம் கட்டுகிறவன். ஊரில் யார் கம்பு நட்டாலும் அவன்தான் நடுவான். அக்காவுக்குச் சும்மாவே நட்டுக் கொடுத்தான். கூட்டத்தன்று ஒரு ஆட்சேபணையும் வராது என்று அவள் நினைத்திருந்தபோது, பின்வரிசையிலிருந்து கடிகாரக்காரர் எழுந்தார்.

அவருடைய வீடு பின்சந்தில், அவள் வீட்டுக்கு நேர் பின்னால். முன்னறையில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பார். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். அன்று அவர் பேசியதும் ஒரே ஒரு வாக்கியம்தான். தன் அறைக்கு இருப்பது ஒரே ஜன்னல், அதற்கு வெளிச்சம் வருவது வெயிலக்கா வீட்டுப் பின்சுவருக்கும் ஐஸ் ஃபேக்டரி மதிலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாக, கொட்டகை வந்தால் அதில் பாதி போய்விடும். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். குழுவினர் நேரில் வந்து பார்த்தார்கள். கொட்டகையைத் தெருப்பக்கமாகத் தள்ளிப் போடச் சொன்னார்கள்.

தள்ளிப் போட்டாள். மனசு மட்டும் ஆறவில்லை. விளக்குப் போட்டுக்கொண்டு வேலை செய்யத் தெரியாதா அந்த மனுஷனுக்கு என்று கேட்காத நாள் இல்லை. அன்றிலிருந்து தேய்த்த துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு மாடியின் முன்கோடியிலிருந்து பின்கோடிக்கு நடக்கிற ஒவ்வொரு நடைக்கும் கடிகாரக்காரருக்கு ஒரு திட்டு விழும். சத்தமாகவே விழும். பேச்சுவார்த்தை நின்றது. அவரும் ரோஷக்காரர், சட்டையை வேறு தெருவில் கொடுத்துத் தேய்த்துக்கொண்டார். வீட்டுக்காரரின் கைக்கடிகாரம் நின்றுபோய் அலமாரியில் கிடந்தது. தூரத்துக் கடைக்கு எடுத்துப்போகச் சோம்பல், பக்கத்துக் கடைக்கு எடுத்துப்போக ரோஷம்.

இப்படி வருஷங்கள் ஓடின. ஐஸ் ஃபேக்டரி மூடப்பட்டு, இரும்பு கேட் துருப்பிடித்து, உள்ளே புதர் மண்டியது. அந்த மனை பெரியது. தெருவில் ஆரம்பித்து, வெயிலக்கா வீட்டையும் கடிகாரக்காரர் வீட்டையும் ஒட்டிக்கொண்டே பின்சந்து வரைக்கும் போகும். ஒருநாள் அங்கே ஆட்கள் வந்து அளந்தார்கள். இன்னொரு நாள் மெஷினை இறக்கி மண்ணைத் துளைத்துப் பார்த்தார்கள். தெரு பரபரப்படைந்ததா என்றால் இல்லை. கம்பு நட்டால் அல்லவா கட்டடம்! கம்பைக் காணோம், அதனால் கட்டடமும் இல்லை என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். எவ்வளவு பெரிய மண் மெஷின் வந்து நின்றாலும், நடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். வேறு ஊராக இருந்தால் இந்நேரம் விசாரித்திருப்பார்கள். கம்பை நம்பிய ஊர் கம்புக்காகக் காத்திருந்தது.

மருந்துக்கடைக்காரர்தான் ஊரமைப்புக் குழுவின் தலைவர். தம் வெள்ளைக் கோட்டுகளை வாங்கிப்போக வந்தவரிடம், ஐஸ் ஃபேக்டரிக்கு எப்போது கம்பு என்று வெயிலக்கா பேச்சுவாக்கில் கேட்டாள். அவர் கோட்டுக் கட்டை மறுபடியும் கல்லாமேல் வைத்தார்.

"அதுக்குக் கம்பு கிடையாதுக்கா. எங்களைக் கேக்கவே வேண்டாம்னு ஆணை வந்துடுச்சு" என்றார்.

அவர் சொன்ன விஷயம் இது. வீட்டுப் பஞ்சம் தீர வேண்டுமென்று தலைநகரத்தில் ஒரு சிறப்பு ஆணை போட்டிருக்கிறார்கள். பெரிய மனைகள் சிலவற்றை உள்ளூர்க் குழுவின் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். உயரம், இடம், வாசல் எல்லாவற்றையும் தலைநகரமே பார்த்துக்கொள்ளும். கம்பு இல்லை, கூட்டமும் இல்லை. ஐஸ் ஃபேக்டரி மனையில் அடுக்குமாடி ஒன்று வருகிறது, இந்தப் பகுதியில் யாரும் பார்த்திராத உயரத்துக்கு. ஆட்சேபணை இருப்பவர்கள் தபாலில் எழுதலாம் என்று பேப்பரில் அறிவிப்பு வந்ததாம். அந்தக் கெடுவும் முடிந்துவிட்டதாம்.

"எந்தப் பேப்பர்ல?" என்று கேட்டாள்.

தேதியைச் சொன்னார். அவள் அடுக்கைக் கலைத்துத் தேடினாள். அந்த நாளுக்கு முந்தைய பேப்பர் இருந்தது, பிந்தையது இருந்தது, அதை மட்டும் காணோம். கல்லாவிலிருந்து வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "அது அன்னிக்கே இவர் கோட்டைச் சுத்திப் போயிருக்கும்." யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.

அன்று சாயங்காலம் அவள் மாடியில் வெகுநேரம் நின்றாள். ஐஸ் ஃபேக்டரி பக்கம்தான் சூரியன் இறங்கும். பிற்பகல் முழுக்க அந்த வெயிலில்தான் கனமான விரிப்புகள் காயும். அங்கே ஒரு சுவர் எழுந்தால் மதியத்தோடு கடையை மூட வேண்டியதுதான். இந்த மாடியை நம்பித்தான் இத்தனை காலம் குடும்பம் நடந்தது.

மறுநாளே வீடு வீடாக ஏறி இறங்கினாள். தெரு இரண்டாகப் பிரிந்து நின்றது. நல்லதுதானே, ஜனம் வந்தால் வியாபாரம் வரும் என்றார்கள் சிலர். தலைநகரமே சொன்ன பிறகு நாம் என்ன கிழிக்க முடியும் என்றார்கள் பலர். இவளுக்கு வெயில் போய்விடுமே என்ற கவலை, ஊருக்காகப் பேசுகிற மாதிரி நடிக்கிறாள் என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவளும் மூடப் பார்க்கவில்லை.

"ஆமா, என் வெயிலுக்காகத்தான் வரேன். நீங்க உங்களுக்கு எது போகுமோ அதுக்காக வாங்க. எல்லாரும் அவங்கவங்களுக்காக வர்றதுக்குத்தானே கூட்டம்?" என்றாள்.

வாயடைத்துப்போகாமல் அவளுக்குப் பதில் சொன்னவன் ஒருத்தன்தான். அவளுடைய தம்பி. மனைவியும் வளர்ந்த மகளுமாக ஒற்றை அறை வாடகை வீட்டில் இருக்கிறான். அந்தப் பெண் படிக்க இடமில்லாமல் சாயங்காலம் சலவைக்கடைக்கு வந்து, தேய்க்கிற மேசையின் ஓரத்தில் புத்தகத்தை விரித்துக்கொள்வாள். புது அடுக்குமாடியில் ஒரு வீடு கேட்டு அவன் பெயர் பதிந்திருந்தான். அக்கா செய்கிற காரியம் காதுக்கு எட்டியதும் நேரே மாடிக்கு வந்துவிட்டான்.

"நீ யாருக்கு எதிரா நிக்கறேன்னு தெரியுமாக்கா? உன் மருமகளுக்கு எதிரா நிக்கற" என்றான்.

அவள் கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். "நான் கட்டாதேன்னா சொன்னேன்? கம்பை நடுன்னுதான் சொல்றேன்."

"கம்பு நட்டா கூட்டம் வரும். கூட்டம் வந்தா நாலு பேர் நாலு சொல்லுவாங்க. வருஷம் போயிடும். அதுவரைக்கும் அவ எங்க உக்காந்து படிப்பா?"

அவள் அடுத்த விரிப்பை உதறிக் கொடியில் போட்டாள். அவன் சொன்னது பொய் இல்லை. கம்புக் கூட்டத்தால் வருஷக்கணக்கில் இழுத்த கட்டடங்கள் ஊரில் உண்டு. அன்றிரவு வீட்டுக்காரர், நமக்கு எதற்கு வம்பு, தம்பிக்கு ஒரு வீடு கிடைத்தால் நல்லதுதானே என்றார். நல்லதுதான் என்றாள் அவளும். அப்புறம் ஏன் மனசு ஒப்பவில்லை என்று தனக்குத்தானே கேட்டுப் பார்த்தாள். என் வெயிலை எடுத்துக்கொள்கிறவன், எடுக்கப்போகிறேன் என்று என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? கடைசியில் அவளுக்குப் பட்டது அவ்வளவுதான். அன்று கடிகாரக்காரர் எழுந்து சொன்னாரே, அப்படியாவது.

சில நாள் கழித்துத் தம்பி திரும்பி வந்தான். இந்த முறை மாடிப்படியிலேயே உட்கார்ந்துகொண்டான்.

"அவ்வளவு உயரத்துக்குக் கம்பு எட்டாதுக்கா. பலூன் விட்டுப் பார்க்கலாம்."

ஏன் மனம் மாறினான் என்று அவள் கேட்கவில்லை. ஊரில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் முதல் குழி தோண்டியவன் அவன். அவனைக் கூப்பிடாமலே ஒரு கட்டடம் வருகிறது என்பது அவனுக்கும் எங்கோ தைத்திருக்க வேண்டும். அவனாகவே ஒன்று மட்டும் சொன்னான். பெயர் பதிந்த வீடு எங்கே நிற்கப்போகிறது என்று தானும் பார்க்க வேண்டாமா என்றான்.

பலூன் ஒரு செருப்புக்கடையிலிருந்து வந்தது. புதுக்கடை திறப்புக்குப் பறக்கவிட்டு மூலையில் போட்டிருந்தார்கள். பெரிய சிவப்புப் பலூன், வயிற்றில் கொட்டை எழுத்தில் "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்". அளக்க வந்தவர்கள் கட்டடத்தின் மூலைகளில் ஆப்பு அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். துருப்பிடித்த கேட் வழியாக அதைப் பார்த்து, முன்மூலை ஆப்புக்கு மிக அருகே மதிலை ஒட்டித் தம்பி கயிற்றைக் கட்டினான். கயிற்றில் உயரத்துக்கு அடையாளமாகத் துணித் துண்டுகளை முடிந்தான். விடுமுறை நாள் பிற்பகல். தெருவே வாசலில் நின்றது. இலவச வீட்டுக்கு எங்கே வரிசை என்று யாரோ கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். பலூன் ஏற ஏறச் சிரிப்பு அடங்கியது. கயிறு முழுவதும் போய் நின்றபோது எல்லாரும் கழுத்து வலிக்க அண்ணாந்திருந்தார்கள்.

வெயிலக்கா மாடியில் காத்திருந்தாள். பலூன் சூரியனை மறைக்கப்போகும் இடத்தை மனதுக்குள் குறித்துவைத்திருந்தாள். பலூன் அங்கே வரவில்லை. பின்பக்கமாக, வெகுவாக ஒதுங்கி நின்றது. அவள் கொடிகளுக்கு நடுவே அங்கும் இங்கும் நடந்து பார்த்தாள். வெயில் ஒரு தடங்கலும் இல்லாமல் விரிப்புகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. மனையின் முன்பாதியில் உயரம் ஏதும் வரப்போவதில்லை, கட்டடம் மொத்தமும் பின்பாதியில்தான் என்று அப்போதுதான் புரிந்தது. ஊரெல்லாம் ஏறி இறங்கி அவள் சொன்ன நிழல் அவள் மாடியில் விழப்போவதே இல்லை.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்துச் சொன்னால் இந்தக் கதை பொய்யாகிவிடும். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து சிரித்துக்கூட விட்டாள். இனி நிம்மதியாகக் கீழே போய்த் தேய்க்கலாம். தம்பிக்கு வீடு கிடைக்கும், மருமகளுக்கு ஒரு மேசை கிடைக்கும், தெருவுக்கும் தன் தொல்லை விட்டது.

எழுந்தவள் பலூனை இன்னொரு தடவை பார்த்தாள். அது தன் பின்சுவருக்கும் ஃபேக்டரி மதிலுக்கும் நடுவே, அந்த இடைவெளிக்கு நேர் மேலே நின்றது. அந்த இடைவெளியை அவளுக்குத் தெரியும். அதைத் திட்டிக்கொண்டுதானே இத்தனை வருஷம் கூடை தூக்கினாள்.

அலமாரியைத் திறந்து, நின்றுபோன கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு பின்சந்துக்குப் போனாள். வெறுங்கையோடு போக அவளுக்கு மனம் வரவில்லை.

கடிகாரக்காரர் வேடிக்கை பார்க்க வெளியே வந்திருக்கவில்லை. சின்ன அறை. சுவரெல்லாம் கடிகாரம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம். ஜன்னலை ஒட்டி மேசை. மேசைமேல் பொடிப் பாகங்களைப் பிடித்தெடுக்கும் சாமணங்கள், கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணங்களுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத அளவில் பல்சக்கரங்கள். ஒற்றைக் கண்ணில் செருகியிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. உட்காரச் சொன்னார். அந்த வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

உட்கார்ந்த இடத்திலிருந்து ஜன்னலைப் பார்த்தாள். இந்தப் பக்கம் தன் வீட்டுப் பின்சுவர், அந்தப் பக்கம் மதில், நடுவில் ஒரு முழத் துணி அகலத்துக்கு வானம். அந்த வானத்தை அடைத்துக்கொண்டு சிவப்புப் பலூன். அன்று தான் கேட்ட இடத்தில் கொட்டகை வந்திருந்தால் இந்த முழத்தில் பாதிகூட மிஞ்சியிருக்காது. வெளிச்சம் மேசைமேல் சமமாக விழுந்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் தன் விரல் நிழலே பல்சக்கரத்தை மறைத்துவிடும் என்று அவர் அன்றைக்கே கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"வீடு வீடா ஏறிக் கத்திட்டு இருந்தேனே. நீங்க ஏன் ஒரு வார்த்தை பேசல?" என்று கேட்டாள்.

அவர் கைக்கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்துகொண்டே சொன்னார்: "யார்கிட்ட பேசறது? அன்னிக்கு உங்களைப் பத்திச் சொல்ல ஒரு இடம் இருந்துச்சு, எழுந்து சொன்னேன். இன்னிக்கு அந்த இடம் இல்லையே."

அங்கிருந்து அவள் நேரே மருந்துக்கடைக்குப் போனாள். கம்புக் கூட்டம் போட வேண்டும் என்றாள். மருந்துக்கடைக்காரர் கையைப் பிசைந்தார். குழுவுக்கு அந்த மனையில் அதிகாரமே இல்லை, அதிகாரம் இல்லாத கூட்டம் போட்டு என்ன பயன் என்று கேட்டார்.

"அதிகாரம்தானே இல்ல? கூடத்துல நாற்காலி இருக்குல்ல?" என்றாள்.

அவர் மாத்திரை அட்டைகளை அடுக்கி முடித்தார். பிறகு, சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்றார்.

அந்தக் கூட்டத்துக்கு வந்த அளவு ஜனம் அதற்குமுன் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. பலூன் செய்த வேலை. கட்டுகிற கம்பெனியிலிருந்தும் ஒரு இளம் என்ஜினியர் வந்திருந்தார். வரவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பார்த்துவிட்டு வா என்று அனுப்பியிருப்பார்கள் போலிருக்கிறது. மரியாதையாகப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தம்பி மகளோடு வந்து சுவரோரம் நின்றான்.

வெயிலக்கா எழுந்தாள். வெயில் புராணம் ஆரம்பிக்கப்போகிறது என்று பாதிப்பேர் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"பலூன் விட்டுப் பார்த்துட்டேன். என் மாடிக்கு ஒரு குறையும் வராது. வெயில் அப்படியே இருக்கும். நான் ஊரெல்லாம் சொன்னது தப்பு" என்றாள்.

கூடத்தில் சலசலப்பு. யாரோ சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கட்டுமா?"

"இருக்குன்னு எழுதுங்க. பின்சந்துல ஒரு ஜன்னல் மொத்தமா போகுது. அதுல ஒரு மனுஷன் வேலை செஞ்சு சாப்பிடறார். அது எனக்கே பலூன் விட்டப்புறம்தான் தெரிஞ்சுது. தலைநகரத்துல உக்காந்திருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? கட்டடம் வேணாம்னு நான் சொல்லல. என் தம்பியே அதுல வீடு கேட்டிருக்கான், அவனுக்கும் கிடைக்கணும். நடறதை நட்டு, கேக்கறதைக் கேட்டுட்டுக் கட்டுங்க. கொஞ்சம் முன்னால தள்ளிக் கட்ட முடியுமான்னு பாருங்க."

என்ஜினியர் எழுந்து நின்றார். கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கவலைப்பட்ட முகத்தோடுதான் சொன்னார். "முன்னால தள்ளினா உங்க மாடிக்கு நிழல் வந்துடுமேம்மா."

அவள் அதை யோசிக்காமல் வந்திருக்கவில்லை. யோசித்த ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வரட்டும். அதுக்கும் ஒரு கம்பை நடுங்க. எவ்வளவு வருதுன்னு பார்த்துட்டு நான் இங்க வந்து சண்டை போடறேன். சண்டை போட ஒரு இடம் வேணும், அதைத்தான் கேக்கறேன்."

கடிகாரக்காரர் எழுந்தார். எல்லாரும் திரும்பினார்கள். ஆமாம் என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். சந்தில் தண்ணீர் லாரி திரும்ப இடமிருக்குமா என்றார் ஒருவர், சாக்கடை தாங்குமா என்றார் ஒருவர். தம்பி மகள் எழுந்து, வீடு சீக்கிரம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அத்தை சொல்வதும் சரி என்றாள். அவள் சொன்ன இரண்டையும் குழு எழுதிக்கொண்டது.

தீர்மானம் தலைநகரத்துக்குப் போனது. பதிலும் வந்தது, கவனத்தில் கொள்ளப்பட்டது என்று ஒரு வரி. கிணற்றில் போட்ட கல்லுக்காவது விழுந்த சத்தம் கேட்கும். ஐஸ் ஃபேக்டரி மனையைச் சுற்றி நீலத் தகரம் அடித்தார்கள். தெரு சேர்ந்து நீதிமன்றத்துக்குப் போனது. முதல் கையெழுத்து வெயிலக்காவுடையது, அடுத்தது கடிகாரக்காரருடையது. வழக்கு இன்னும் நடக்கிறது. என்ஜினியர் ஒருநாள் சீருடைச் சட்டைகளைத் துவைக்கக் கொடுக்க வந்து, பின்பாதியிலிருந்து தள்ளிக் கட்டுவது பற்றி மேலே எழுதிக் கேட்டிருப்பதாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவரை நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. சட்டைகளை மட்டும் நன்றாகத் தேய்த்துக் கொடுத்தாள்.

தகரம் அடித்த வாரத்தில் ஒரு பிற்பகல் மாடிப்படியில் பழக்கமில்லாத காலடிச் சத்தம் கேட்டது. கடிகாரக்காரர். மூச்சு வாங்கக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரரின் கைக்கடிகாரத்தை நீட்டினார். ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கொட்டகையைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார், நடுவிலிருந்த தூரத்தைப் பார்த்தார்.

"ஒண்ணு சொல்ல வந்தேன். என் ஜன்னல் எப்படியும் போகத்தான் போகுது. கொட்டகையைப் பின்னால தள்ளிப் போட்டுக்கங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல. நீங்க கூடையைத் தூக்கிட்டு நடக்கற சத்தம் எனக்குக் கேட்டுட்டேதான் இருக்கு, இத்தனை வருஷமா."

"திட்டினது?"

"அதுவும்தான்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. கொடியில் காய்ந்த ஒரு விரிப்பை உருவி, அவர் முகத்தைப் பார்க்காமல் மடித்தாள்.

"ஜன்னல் இன்னும் இருக்குல்ல? இருக்கற வரைக்கும் கொட்டகை இருக்கற இடத்துலயே இருக்கட்டும்" என்றாள்.

தேய்த்த துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்கோடியிலிருந்து பின்கோடிக்கு நடந்தாள். வழக்கம்போலத் திட்டும் விழுந்தது, சத்தமாகவே. ஆனால் அது தலைநகரத்துக்கு.